முப்பத்தொரு பூமுடிகள்

காலையிலிருந்து புர்கி மந்தையை ஐந்து முறை எண்ணிவிட்டாள். ஐந்து முறையும் முப்பத்தொன்றுதான் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆறாவது முறை எண்ணப் போனாள். கோடைக்கு மட்டும் ருமேனியாவிலிருந்து மாடு மேய்க்க வரும் இயோன், வாயில் ரொட்டியை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். இப்படி எண்ணிக்கொண்டே இருந்தால் மாடுகள் தேய்ந்துபோய்விடும் என்றான்.

சிரிக்கட்டும், அவனுக்கென்ன. சனிக்கிழமை வந்து மந்தை ஓபர்விஸ் ஊருக்குள் இறங்கி முடியும்வரை இவளுக்கு இருப்புக் கொள்ளாது. அன்று புதன்கிழமை. இன்னும் மூன்றே நாள். ஜூன் மாதம் கால்டெக் மேட்டுக்கு ஏறி வந்த முப்பத்தொரு உயிரும் முழுசாக அப்படியே இறங்கினால்தான் மாடுகளின் தலையில் பூமுடி ஏறும், பெரிய மணிகள் கழுத்தில் தொங்கும், பேண்டு வாத்தியம் முழங்கும். ஒரே ஒரு மாடு இடையில் செத்திருந்தாலும் போச்சு. பூவும் கிடையாது, மணியும் கிடையாது. மொட்டைத் தலையோடு, சத்தமில்லாமல், துக்கவீட்டுக்குப் போகிற மாதிரி தெருவில் இறங்க வேண்டும். அந்த மலைக்காரர்கள் எதை விட்டாலும் விடுவார்கள், இந்த வழக்கத்தை மட்டும் விட்டதில்லை.

புர்கிக்கு இது வெறும் பூ விஷயம் இல்லை. பத்தொன்பது கோடை அவள் இந்த மேட்டில் இன்னொருவருக்குக் கீழே பாத்திரம் தேய்த்திருக்கிறாள், பாலாடைக்கட்டியைப் புரட்டிப் போட்டிருக்கிறாள். பொறுப்பு எப்போதும் ஏதாவது ஓர் ஆம்பிளையிடம்தான் இருக்கும். இந்த வருஷம் பழைய ஆளுக்கு இடுப்பு போய்விட்டது. மாட்டுக்காரர் சங்கத் தலைவர் காசியன் அரைமனதாக, சரி, ஒரு கோடை பார்ப்போம் என்றார். பூவோடு இறங்கினால் அடுத்த வருஷமும் மேடு அவளுக்கு. இல்லையென்றால், நாற்பத்தோரு வயதில் மறுபடியும் பாத்திரம்.

அதனால்தான் புதன்கிழமைகளை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விடுமுறைக்கு வருகிறவர்களுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. மலையைப் பார்த்தோமா, மோரைக் குடித்தோமா, தூங்கினோமா என்று இருந்தால் என்ன? மாட்டார்கள். அவர்களை ஓட வைப்பதற்கென்றே சுற்றுலா அலுவலகத்தில் மார்லிஸ் என்று ஒருத்தி இருந்தாள். திங்கள் மூலிகை நடை, செவ்வாய் ஏரியில் படகு, வியாழன் ரோப் கார் ஏறிச் சூரியோதயம் என்று அவள் அச்சடித்து ஒட்டிய பட்டியலில் புதன்கிழமைக்கு நேரே, ‘கால்டெக் மேட்டில் பூமுடி கட்டுதல், கம்பளி அணிந்து வரவும்’ என்று இருந்தது. வாரா வாரம் இருபது பேர் மூச்சு வாங்க ஏறி வருவார்கள். குடிலின் நீள மேசையில் உட்கார்ந்து காகித ரோஜா சுருட்டுவார்கள், ஊசியிலைக் கிளையை வளைத்துக் கட்டுவார்கள். கோடை முழுக்க அப்படிச் சேர்ந்த பூமுடிகள் வைக்கோல் அறையில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு மாட்டின் பேர் எழுதியிருந்தது.

அவற்றில் மிகவும் அழகாக இருந்தது பிளெஸ்ஸினுடையது. நெற்றியில் வெள்ளைக் கோடு விழுந்த இரண்டு வயதுக் கிடேரி அது. காசியனின் மாடு. மந்தையோடு சேர்ந்து வருகிற வழக்கமே அதற்குக் கிடையாது. எல்லாரும் வந்த பிறகு, ஏதோ தன்னைத் தனியாக அழைப்பார்கள் என்பதுபோல ஆடி அசைந்து வரும். அதன் பூமுடியைக் கட்டியவர் ஹார்ட்முட் நீமன். ஹனோவர் நகரத்தில் தீத்தடுப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக ஆகஸ்ட் கடைசியில் வந்து மூன்று வாரம் தங்குவார். பிளெஸ் போன வருஷம் கன்றாக இருந்தபோது அவர் தொப்பியைத் தின்றுவிட்டது. அதிலிருந்து அவருக்கு அதன்மேல் தனிப் பாசம். ரோஜாக்களுக்கு நடுவே இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்து கட்டினார் மனிதர்.

நல்லவர்தான், ஆனால் தாங்க முடியாதவர். குடிலுக்குள் நுழைந்தால் தீயணைப்பான் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்ப்பார். வழியில் எந்தக் கேட் திறந்து கிடந்தாலும் சாத்திவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். யார் திறந்துபோட்டார்கள் என்று விசாரிப்பார். மேட்டுக்கு ஏறிவிட்டால் பெரியவர் சின்னவர் யாரானாலும் ‘நீ’தான், பேர் சொல்லித்தான் கூப்பிடுவது என்று மலையில் ஒரு வழக்கம் உண்டு. மந்திரியே வந்தாலும் அப்படித்தான். நீமன் மட்டும் ஒன்பது வருஷமாக, புர்கி என்று சுருக்காமல் முழுப்பேரோடு திருமதியும் சேர்த்து, ஃபிராவ் வால்புர்கா, நீங்க, உங்க என்றே பேசுவார். சரி, மரியாதையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம் என்று புர்கியும் அவரை ஹார்ட்முட் என்று பேர் சொல்லாமல், ஹெர் நீமன், நீங்க என்றே பேசினாள்.

அந்தப் புதன்கிழமை காலையில் வானொலி, மாலையிலிருந்து மேடுகளில் பனி விழும் என்றது. செப்டம்பரில் இது புதிதில்லை. பனி வாடை மூக்கில் ஏறினால் மாடுகள் தாமாகவே குடிலைப் பார்த்து இறங்கிவிடும். மேல்மேய்ச்சலுக்கும் குடிலுக்கும் நடுவே இருக்கும் கேட் திறந்திருந்தால் போதும், யாரும் போய் ஓட்ட வேண்டியதில்லை. மத்தியானம் புர்கியே மேலே போய்க் கேட்டை அகலத் திறந்து, கட்டையில் கொக்கி மாட்டிவிட்டு வந்தாள். அந்தக் கேட்டில்தான் மார்லிஸின் ஆட்கள் வசந்தத்தில் ஒரு பலகை அடித்திருந்தார்கள். ‘தயவுசெய்து கேட்டைச் சாத்தவும்’ என்று மூன்று மொழியில். புர்கி அதைப் பார்த்தாள். கழற்றி வைக்கலாமா என்று ஒரு நொடி நினைக்கவும் செய்தாள். கையில் சுத்தியல் இல்லை. விட்டுவிட்டாள்.

இரண்டு மணிக்குள் இருபத்துநாலு மாடு வந்து சேர்ந்தன. விருந்தாளிகள் கடைசி ரோஜாக்களைக் கட்டி முடித்து, மாவுருண்டை போட்ட சூப்பு குடித்து, நான்கு மணிக்குக் கிளம்பினார்கள். எல்லாரும் நேர்வழியில் இறங்க, நீமன் வழக்கம்போலத் தனியாக மேல்வழியைச் சுற்றிக்கொண்டு போனார். ஐந்தரைக்குப் புர்கி எண்ணினாள். முப்பது.

மறுபடி எண்ணினாள். இயோனை எண்ணச் சொன்னாள். முப்பதுதான். வராதது எது என்று பேர் சொல்லிப் பார்க்கவே தேவையில்லை. பிளெஸ் தானே, எப்போதும் கடைசியில் வருவதுதானே, வந்துவிடும் என்றான் இயோன். ஆறு மணிக்குப் பனி விழ ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். பத்தடிக்கு அப்பால் எதுவுமே தெரியாத அளவுக்குக் கொட்டியது. வேறு வழியில்லாமல் திரும்பினார்கள்.

வியாழன் விடிந்ததும் புர்கி முழங்கால் பனியில் மேல்கேட்டுக்குப் போனாள். கேட் சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அது போதாதென்று புதுக் கம்பி ஒன்றை மூன்று சுற்றுச் சுற்றி, முனையை யார் கையிலும் குத்தாதபடி உள்பக்கம் மடித்துவிட்டிருந்தது. அவள் அங்கேயே நின்றாள். கம்பியைப் பிரிக்கவே அவளுக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. பிளெஸ் வந்திருக்கிறது. இந்தக் கேட்டுக்கு முன்னால் நின்று கத்தியிருக்கிறது. யாரும் திறக்காததால் எங்கோ திரும்பிப் போயிருக்கிறது.

வழக்கமாகப் பனிக்காற்றுக்கு மாடுகள் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். நேற்றுக் காற்று கிழக்கிலிருந்து அடித்தது. ஆகவே மேற்கேதான் போயிருக்கும் என்று புர்கி கணக்குப் போட்டாள். அவளும் இயோனும் மேற்குச் சரிவு முழுக்கச் சல்லடை போட்டார்கள். ஒரு தடமும் இல்லை.

பத்து மணிக்குக் குடிலுக்குத் திரும்பினால், வாசலில் நீமன். முதுகில் பை, கையில் ஊன்றுகோல், பனியைத் தட்டிச் சுத்தமாக்கிய பூட்ஸ். கீழே ஊரில் மாட்டைக் காணோம் என்று கேள்விப்பட்டாராம், உதவிக்கு வந்தாராம். வேறு ஐந்தாறு விருந்தாளிகளும் கூட வந்திருந்தார்கள். புர்கி வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

“ஃபிராவ் வால்புர்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நேத்து உங்க மேல்கேட்டை யாரோ பொறுப்பில்லாம திறந்து போட்டுட்டுப் போயிருந்தாங்க. நல்லவேளை, நான் அந்தப் பக்கமா வந்தேன். தாழ்ப்பாள் வேற லொடலொடன்னு இருந்துச்சு. கம்பி போட்டு இறுக்கிட்டேன். இல்லேன்னா இன்னும் எத்தனை மாடு வெளிய போயிருக்குமோ.”

“அந்தக் கேட்டை நான்தான் திறந்து வச்சேன்,” என்றாள்.

“நீங்களா? ஆனா அதுலதான் எழுதியிருக்கே, சாத்தணும்னு...”

“எழுதியிருக்கும். உங்களுக்குப் பலகையைப் படிக்கத் தெரியுது, மாட்டைப் படிக்கத் தெரியல. ஒன்பது வருஷமா இங்க வந்து என்னத்தக் கத்துக்கிட்டீங்க? பிளெஸ் வீட்டுக்குத்தான் வந்திருக்கா. நீங்க கட்டின கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு கத்திட்டுப் போயிருக்கா.”

நீமனின் முகம் சுண்டிப் போனது. கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தான் என்ன செய்யட்டும் என்று மெல்லக் கேட்டார்.

“கீழ போங்க. இனிமே இந்த மலையில எந்தக் கேட்டையும் தொடாதீங்க. அது போதும்.”

அவர் போனார். போகிறவரின் முதுகைப் பார்த்தபோதே, சொன்னது அதிகம் என்று அவளுக்கு உறைத்தது. பலகையைக் கழற்றாதது யார்? விருந்தாளிகள் வருகிற நாளென்று தெரிந்தும் கேட் பக்கம் ஓர் ஆளை நிறுத்தாதது யார்? ஆனால் அதையெல்லாம் நினைக்க அப்போது நேரமில்லை, மனசும் இல்லை. அன்று முழுக்கத் தேடினாள். வடக்குப் பாறைகள், நீரோடை, பக்கத்து மேட்டின் எல்லை என்று கால் போன இடமெல்லாம் அலைந்தாள். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போவாள், கதவுக்குப் போவாள், மறுபடி உட்காருவாள். குட்டியைத் தொலைத்த பூனை மாதிரி சுற்றாதே, பார்க்கிற எனக்குத் தலை சுற்றுகிறது என்று இயோன் கெஞ்சினான்.

வெள்ளிக்கிழமை மூடுபனி. குடிலிலிருந்து தொழுவம் தெரியவில்லை. இதில் எங்கே தேடுவது? கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். மத்தியானம் காசியனும் மார்லிஸும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். காசியன் அறுபத்தாறு வயது, பெருத்த உடம்பு. எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். வைக்கோல் அறைக்கு நேராகப் போய், தொங்கிய பூமுடிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார்.

மார்லிஸ்தான் முதலில் பேசினாள். நாளைக்குப் பதினெட்டு பஸ் வருகிறது, மூன்று ஊர் பேண்டு வருகிறது, கோடை முழுக்க இங்கே வந்து பூ சுருட்டியவர்களில் பாதிப் பேர் தாங்கள் செய்ததைப் பார்ப்பதற்கென்றே தங்கியிருக்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவள் வேலை அது. கடைசியில், செத்துவிட்டது என்று யாரும் பார்க்கவில்லையே, காணவில்லை என்பது வேறு, செத்தது என்பது வேறு இல்லையா என்று கேட்டாள்.

புர்கி காசியனைப் பார்த்தாள். இந்த வழக்கத்தில் அவளைவிட ஊறியவர் அவர். போடி போ என்று மார்லிஸை விரட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அவ சொல்றதும் சரிதான், புர்கி. மாடு என்னோடது. நானே சொல்றேன், பூவைக் கட்டு.”

“செத்திருந்தா?”

“செத்திருந்தா அப்புறம் பார்த்துக்கலாம். பனி உருகட்டும். இப்ப யாருக்குத் தெரியும்?” அவர் குரலைத் தணித்தார். “இதைக் கேளு. நீ மொட்டையா இறங்கினா, அடுத்த கோடைக்கு உன் பேரை என்னால எடுக்க முடியாது. முதல் வருஷமே மாட்டைத் தொலைச்சாளேன்னு பத்துப் பேரும் என் வாயை அடைப்பானுங்க. பூவோட இறங்கு. ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்.”

நாளைக் காலையில் சொல்கிறேன் என்றாள் புர்கி. ஜீப் மூடுபனிக்குள் போன பிறகும் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? முன்னால் தடியோடு தான், பின்னால் முப்பது பூமுடிகள், தெரு இரண்டு பக்கமும் ஜனம். பத்தொன்பது வருஷம் அந்த ஊர்வலத்தின் கடைசியில், சாணம் அள்ளுகிற மண்வெட்டியோடு நடந்தவள் அவள். முன்னால் நடப்பது எப்படி இருக்கும் என்று எத்தனை முறை நினைத்திருப்பாள். முப்பதா முப்பத்தொன்றா என்று தெருவில் நின்று எவன் எண்ணப் போகிறான்?

சனிக்கிழமை பொழுது பளிச்சென்று விடிந்தது. மூடுபனி போன இடம் தெரியவில்லை. இயோன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முப்பத்தொரு பூமுடிகளையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து புல்லில் அடுக்கினான். மாடுகளைத் தேய்த்துக் கழுவி நிறுத்தியிருந்தான். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும் என்றான்.

புர்கி பூமுடிகளைப் பார்த்தாள். ஓரத்தில் இருந்தது பிளெஸ்ஸினுடையது. அளவு பிசகாத சிவப்பு ரோஜாக்கள். இதை எங்கே வைப்பது என்ற ஒரு சின்னக் கேள்விதான் அவளை நிறுத்தியது. குடிலில் விட்டுவிட்டுப் போகலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த ஜூனில் ஏறி வரும்போது அது அங்கேயே தொங்கும்.

“எல்லாத்தையும் உள்ள வை,” என்றாள்.

இயோன் புரியாமல் நின்றான்.

“கழுத்துல கிடக்கிற மேய்ச்சல் மணியையும் கழட்டு. நான் பூவோட இறங்கி, அவ எங்கயோ பள்ளத்துல கிடக்கிறாள்னு பின்னாடி தெரிஞ்சா, இந்தக் குடில்ல என்னால ஒரு நாள் தூங்க முடியாது. மொட்டையா இறங்கி, அவ எங்கயாவது உயிரோட நின்னா, ஊரு சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.”

அப்படியானால் அடுத்த வருஷம் என்று இயோன் இழுத்தான். அடுத்த வருஷம் வரும்போது வரட்டும் என்று சொல்லிவிட்டு, அவளே முதல் மாட்டின் கழுத்துவாரை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனாள்.

இறங்க இரண்டரை மணிநேரம் ஆகும். மணி இல்லாத மந்தை என்னவோ போலிருந்தது. குளம்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். ஊர் எல்லையில் நின்ற சிறுவர்கள் முதலில் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்கள். தெருமுனையில் பேண்டு தயாராக நின்றது. பேண்டுத் தலைவர் தூக்கிய கோலை, வருகிற மாடுகளின் தலையைப் பார்த்ததும் மெல்ல இறக்கினார். ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். விஷயம் தெரியாத விருந்தாளிகளில் சிலர் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். எங்கே பூ, நாம் செய்த பூ எங்கே என்று ஒரு பெண்மணி சத்தமாகக் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. மார்லிஸ் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கிக்கொண்டு மேடையில் நின்றாள். காசியன் மாதா கோவில் படியில் நின்றிருந்தார். புர்கி அவரைக் கடந்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அது சுருக்கென்று தைத்தது. போச்சு என்று தோன்றியது. மேடும் போச்சு, மாடும் போச்சு. ஒருவேளை பிளெஸ் உயிரோடிருந்தால்? தான் ஒரு முட்டாள்தனத்துக்காக இத்தனை பேரின் கோடையையும் கெடுத்துவிட்டோமோ? திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தெரு பாதி தாண்டியபோது, கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் சலசலப்பு. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிற சந்தில் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். ஜனம் விலகி வழி விட்டது. நீமன். அவரா அது என்று ஒரு நொடி சந்தேகமாக இருந்தது. இடுப்புவரை சேறு, ஒரு பக்கம் கால்சட்டை கிழிந்து முழங்காலில் ரத்தம் காய்ந்திருந்தது, மூன்று நாள் தாடி. இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி ஒரு மாட்டுமணியைக் கொண்டுவந்தார். கன்றுகளுக்குக் கட்டுகிற சின்ன மணி. கழுத்துவாரில் பிளெஸ் என்று எரித்து எழுதிய எழுத்து. நடக்கும்போது மணி அடிக்கவில்லை. அதன் வாய்க்குள் புல்லைத் திணித்து அடைத்திருந்தார்.

புர்கி நின்றாள். மந்தையும் நின்றது.

“கேட்லேருந்து கிழக்க போயிருக்கா,” என்றார் நீமன். குரல் கம்மிப்போயிருந்தது. “வேலியை விடாம, வேலி ஓரமாவே போயிருக்கா. எங்கயாவது திறந்திருக்காதான்னு தேடியிருப்பா. நேத்து நான் அதே மாதிரி வேலியைப் பிடிச்சுக்கிட்டே போனேன். வேலி முடியற இடத்துல பள்ளம். இன்னிக்குக் காலையில வெளிச்சம் வந்தப்புறம்தான் தெரிஞ்சது. கழுத்து முறிஞ்சிருக்கு. ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்க மாட்டா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஃபிராவ் வால்புர்கா, நான் கேட்டைச் சாத்தினது...” என்று ஆரம்பித்தவர், மணியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

காற்றைப் பார்த்து மேற்கே தேடியவள் அவள். ஒரு நகரத்துக் கிழவர் வேலியைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்திருக்கிறார். அவர் அந்த மணியைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டு ஹனோவருக்கு ரயில் ஏறியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, பதினெட்டு பஸ் ஜனமும் பார்க்க, தெருவின் நடுவே கொண்டுவந்து நிற்கிறார். புர்கி தலையை அசைத்து, மந்தையின் பின்னால் இடம் காட்டினாள்.

அவருக்குப் புரிந்தது. முப்பது மாடுகளும் கடக்கும்வரை ஓரமாக நின்றார். கடைசி மாட்டுக்குப் பின்னால், முப்பத்தொன்றாவது வர வேண்டிய இடத்தில், மணியை அணைத்துக்கொண்டு நடந்தார். மண்வெட்டியோடு வந்த இயோன் அவருக்குப் பின்னால் தள்ளி வந்தான். இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. பூ எங்கே என்று கேட்ட அந்தப் பெண்மணியும் தொப்பியைக் கழற்றியிருந்தாள். காசியன் படியிலிருந்து இறங்கி வந்து, மற்ற மாட்டுக்காரர்களோடு சேர்ந்து வெறுந்தலையோடு கூடவே நடந்தார். புர்கியின் கண்ணை அவர் பார்க்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

ஊர்க்கோடியில் மாடு பிரிக்கிற புல்வெளி. அங்கேதான் எல்லா மந்தையும் போய் நிற்கும், சொந்தக்காரர்கள் வந்து அவரவர் மாட்டை ஓட்டிப்போவார்கள். அகலமான மரக்கேட் திறந்திருந்தது. புர்கி ஓரமாக நின்று, நுழைகிற மாடுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பழக்கம் விடுமா? இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அப்புறம் நீமன்.

அவர் உள்ளே வரவில்லை. கேட்டின் பக்கத்தில் வந்ததும் இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். மணியை வேலிக்கட்டையின் மேல் மெதுவாக வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளே போன மாடுகளில் இரண்டு மூன்று, பழகிய மலையைத் தேடித் திரும்பி வாசலைப் பார்த்து வர ஆரம்பித்தன. கேட் திறந்தே கிடந்தது. நீமன் அந்தக் கேட்டையும் மாடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் கையை அவர் முன்னால் கொண்டுவரவில்லை. இந்த மலையில் எந்தக் கேட்டையும் தொடக் கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறதே.

தான் சொன்ன சொல்லைப் புர்கி அப்போது கண்ணால் பார்த்தாள்.

“கேட்டைச் சாத்து, ஹார்ட்முட்,” என்றாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகளை மெல்லப் பிரித்தார். கேட்டைத் தள்ளிச் சாத்தினார், தாழ்ப்பாளைப் போட்டார். போட்டதை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தார்.